அம்பு தெரிதல்

'தெரிதல்' என்னும் சொல்லுக்கு இன்றைய பேச்சில் இரண்டு பொருள்களே மிஞ்சியிருக்கின்றன. கண்ணுக்குப் புலப்படுதல் ஒன்று, அறிந்திருத்தல் மற்றொன்று. பழந்தமிழில் அதற்கு மூன்றாவது பொருளும் உண்டு. ஆராய்ந்து தேர்ந்தெடுத்தல் என்பது அது. திருக்குறளில் 51, 52ஆம் அதிகாரங்களாக அடுத்தடுத்து நிற்கும் 'தெரிந்து தெளிதல்', 'தெரிந்து வினையாடல்' இரண்டும் இப்பொருளில் அமைந்தவைதாம். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் சோழர் படைப்பிரிவுகள் பலவற்றின் பெயர்கள் காணப்படுகின்றன. அவற்றுள் ஒன்று 'பண்டித சோழத் தெரிந்த வில்லிகள்'. தெரிந்த வில்லிகள் என்றால் அறிமுகமான வில்லாளர்கள் அல்லர், பொறுக்கியெடுக்கப்பட்ட வில்லாளர்கள்.

அகநானூற்றின் 82ஆம் பாட்டு கபிலருடையது. தினைப்புனத்து வாயிலின் ஒரு பக்கம் ஒருவன் வந்து நிற்கிறான். மார்பில் மாலை, கையில் வலிய வில். யானையொன்று சென்ற வழியைக் கேட்கிறான். அவன் நின்ற கோலத்தைப் பலரும் கண்டார்கள். இரவெல்லாம் உறக்கமின்றிக் கிடப்பவள் நான் ஒருத்தி மட்டும் ஆனது ஏன் என்று தலைவி தோழியிடம் கேட்பதாகப் பாட்டு முடிகிறது. அந்த இளைஞனின் கையில் இருந்த அம்பைப் பற்றிச் சொல்லும்போது கபிலர் ஆள்கிற வினை, எடுத்தல் அன்று, பிடித்தல் அன்று, தெரிதல். தன்னிடமிருந்த அம்புகளுள் யானைக்கு உரியதை ஆய்ந்து எடுத்திருக்கிறான் என்பது குறிப்பு.

எதைக் கொண்டு ஆய்ந்திருப்பான்? வகுப்பில் இந்த இடத்தில் யாரும் நின்று கேட்பதில்லை. தலைவியின் உறக்கமின்மை அடுத்த அடியிலேயே காத்திருக்கிறது. எல்லோரும் அதற்குப் போய்விடுவோம். சென்ற ஆண்டு எங்கள் துறை மாணவி ஒருத்தியின் பொருட்டு இந்தக் கேள்வியோடு சில மாதங்கள் உட்கார நேர்ந்தது. அப்போது அறிந்தவற்றை இங்கே எழுதிவைக்கிறேன்.

*

எங்கள் காவிரிப் படுகை வில்லுக்கு உரிய நிலம் அன்று. திணை மரபில் வில் குறிஞ்சிக்கும் பாலைக்கும் உரியது. மருதத்துக்கு ஏரும் அரிவாளும். வல்வில் ஓரி கொல்லிமலைக்காரன். ஆடி மாதத்தில் அங்கே நடக்கும் வல்வில் ஓரி விழாவில் இன்றும் வில்வித்தைப் போட்டி உண்டு. எங்களுக்கு அப்படியொரு விழா இல்லை. எங்கள் ஊர்களில் வில் கோயிலுக்குள் இருக்கிறது. வடுவூர், தில்லைவிளாகம், பருத்தியூர், முடிகொண்டான், அதம்பார் என்று இராமன் கோதண்டத்தோடு நிற்கும் தலங்கள் பல. தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் மேல்தள மாடங்களில் வரிசையாகத் திரிபுராந்தகர் நிற்கிறார். உள்சுற்றில் சோழர்கால ஓவியமாகவும் இருக்கிறார்.

அந்தத் திரிபுராந்தகரின் அம்பு அழகான ஒன்று. சம்பந்தர் தேவாரத்தில் அது வருகிறது. மலை வில், பாம்பு நாண். திருமால் அம்பின் தண்டு, தீ அதன் முனை, காற்று அதன் சிறகு. ஓர் அம்புக்கு இன்றியமையாத மூன்று உறுப்புகளும் அதில் தனித்தனியே சொல்லப்பட்டுவிடுகின்றன. நான்காவது உறுப்பு, நாணில் பொருந்தும் பிளவு. அதற்கும் தமிழில் பெயர் உண்டு. 'உடு' என்ற சொல்லுக்கு விண்மீன் என்ற பொருளோடு அம்பின் இறகு, நாணைக் கொள்ளுமிடம் என்ற பொருள்களையும் நிகண்டுகள் தருகின்றன. அம்பு, கணை, கோல், பகழி, வாளி, சரம், பாணம் என்று பெயர்களுக்கும் குறைவில்லை. சொல்வளம் இவ்வளவு இருந்தும் படுகையில் அம்பு கையில் எடுக்கும் பொருளாக இருந்ததில்லை. குருவி விரட்டச் சிறுவர்களுக்கு உண்டிவில் இருந்தது, அவ்வளவே.

அதனால் இரண்டாமாண்டு இளங்கலைத் தமிழ் படிக்கும் அந்தப் பெண் காம்பவுண்டு வில் விடுகிறாள் என்று உடற்கல்வி ஆசிரியர் சொன்னபோது வியப்பாகத்தான் இருந்தது. வெண்ணாற்றங்கரையில் சிற்றூர். தகப்பனார் மூன்று ஏக்கர் குத்தகைக்குப் பயிரிடுகிறவர். பள்ளிநாளில் ஒரு பயிற்சியாளர் அந்தப் பக்கம் வந்து போனதில் பிடித்துக்கொண்ட ஆர்வம். வில், மூத்த வீராங்கனை ஒருவர் பயன்படுத்தி விற்றது. தை, மாசியில் சம்பா அறுவடை முடிந்த வயல்தான் மைதானம். வைக்கோலை இறுக்கிக் கட்டிய கட்டுதான் இலக்குப் பலகை. 2023இல் பெர்லினில் பதினேழு வயதில் உலக வாகையர் ஆன அதிதி சுவாமி மராட்டியத்துச் சாத்தாராவில் கரும்பு வயலொன்றில் பயின்றவர் என்ற செய்தியை அவள் வெட்டி வைத்திருந்தாள். அதே ஆண்டு ஹாங்சோ ஆசிய விளையாட்டில் காம்பவுண்டு பிரிவின் ஐந்து தங்கங்களும் இந்தியாவுக்கே வந்தன. 2028 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் காம்பவுண்டு கலப்பு இரட்டையர் பிரிவும் சேர்க்கப்பட்டிருக்கிறது. இவற்றையெல்லாம் அவள் மனப்பாடமாகச் சொல்வாள்.

காம்பவுண்டு வில்லைப் பார்த்திராதவர்களுக்குச் சில வரிகள். வில்லின் இரு முனைகளிலும் உருளைகள். நாணும் வடங்களும் அவற்றைச் சுற்றி ஓடுகின்றன. அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தைச் சேர்ந்த ஹோலஸ் வில்பர் ஆலன் 1960களில் உருவாக்கி 1969இல் காப்புரிமை பெற்ற அமைப்பு இது. சாதாரண வில்லை இழுக்க இழுக்கப் பாரம் கூடிக்கொண்டே போகும். இதில் பாதி வழியில் உச்சப் பாரம் வந்து, முழுதும் இழுத்து முடிக்கும்போது அது பெருமளவு குறைந்துவிடும். நாற்பது பவுண்டு வில்லை இழுத்து நிறுத்திக் குறி பார்க்கையில் கை தாங்குவது பத்துப் பவுண்டு அளவே. ஆகவே பதற்றமின்றிக் குறி பார்க்கலாம். விட்டதும் வில் தன் முழு வேகத்தையும் அம்புக்குக் கொடுத்துவிடும். அந்த வேகத்தை ஏற்கத் தக்கதாக அம்பு இருக்க வேண்டும். சிக்கல் அங்கேதான் தொடங்கியது.

*

அவளுடைய தாய்மாமன் அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தில் இருக்கிறார். இருபதாண்டுக்கு முன் போனவர். அங்கே வில்வேட்டை பழகியவர். மருமகளும் வில் எடுத்திருக்கிறாள் என்று கேட்டதும் ஊருக்கு வந்த நண்பரிடம் ஆறு அம்புகளைக் கொடுத்தனுப்பினார். கரிம இழையில் செய்த கறுப்புத் தண்டுகள். பெட்டியின் மேல் கிளைக்கொம்பு மானின் படம். வேட்டைக்குரிய அலகு முனையைக் கழற்றிவிட்டு மொட்டை முனை திருகியிருந்தார். வீட்டில் அவற்றைச் சாமி படத்தருகே வைத்திருந்தார்கள்.

அந்த அம்புகளை எய்யத் தொடங்கியபின் அவள் குறி கெட்டது. ஐம்பது மீட்டரில் அம்பு இலக்கை எட்டாமல் மண்ணில் குத்தியது. குறிகாட்டியை எவ்வளவு இறக்கியும் போதவில்லை. "மாமா அனுப்புனது ரொம்ப ஒசந்த அம்புய்யா, எனக்குத்தான் வரல போலருக்கு" என்றாள். ஆங்கிலத்தில் இருந்த அம்புத் தேர்வு அட்டவணை ஒன்றைப் படித்துச் சொல்லும்படி கேட்டாள். நான் அம்பு பற்றிப் படிக்க ஆரம்பித்தது இப்படித்தான்.

அட்டவணையில் முதலில் வருவது தண்டின் விறைப்பு. அதை 'ஸ்பைன்' என்கிறார்கள், முதுகெலும்பு. இருபத்தெட்டு அங்குல இடைவெளியில் இரண்டு தாங்கிகள் மேல் தண்டைக் கிடத்தி, நடுவில் ஏறத்தாழ 880 கிராம் எடையைத் தொங்கவிடுவார்கள். தண்டு எவ்வளவு தொய்கிறது என்பதை அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குகளாகக் கணக்கிடுவார்கள். 300 என்றால் 0.3 அங்குலம் தொய்வு. 700 என்றால் 0.7 அங்குலம். எண் கூடக்கூடத் தண்டு மெதுவானது. மாமன் அனுப்பியவை 300.

விறைப்பு கூடினால் நல்லதுதானே என்று நமக்குத் தோன்றும். நேரானது, வளையாதது என்றுதான் அம்பைப் பற்றி நம் கவிகளும் பேசிவந்திருக்கிறார்கள். ஆனால் நாண் பின்னாலிருந்து தள்ளும் கணத்தில் எந்த அம்பும் வளையாமல் போவதில்லை. முனையின் கனம் முன்னே நகரத் தயங்க, பின்புறம் தள்ளப்பட, நடுத்தண்டு நெளிகிறது. ஆற்றுமீன் போல இப்படியும் அப்படியும் அசைந்து, சில கெசம் போனபின் தன்னை நேராக்கிக்கொள்கிறது. 1930களில் மின்பொறி ஒளியில் எடுத்த படங்களால் அமெரிக்க அறிவியலாளர்கள் இதைக் கண்ணுக்குக் காட்டினார்கள். விரலால் நாணை விடும் பழைய வில்லில் இந்த அசைவு பக்கவாட்டில் அதிகம். கருவியால் விடும் காம்பவுண்டில் குறைவு, ஆனால் உண்டு. வில்லின் வலிமைக்கு மிக மெதுவான அம்பு அளவுமீறி நெளியும். சமயத்தில் உடைந்து கையில் ஏறிவிடும். மிக விறைத்த அம்போ தள்ளுதலுக்கு இணங்காமல் ஒதுங்கிப் போகும். அம்பில் நல்லது கெட்டது என்று தனியே ஒன்றும் இல்லை. இந்த வில்லுக்கு, இந்தக் கைநீளத்துக்கு, இந்தப் பாரத்துக்குப் பொருந்துவதா என்பதே கேள்வி. எழுபது பவுண்டு வில் இழுக்கும் மாமனுக்குப் பொருந்திய தண்டு, நாற்பது பவுண்டு இழுக்கும் மருமகளுக்குப் பொருந்தவில்லை.

அடுத்தது எடை. அம்பின் எடையை உலகமெங்கும் 'கிரெயின்' என்ற அளவில் சொல்கிறார்கள். ஒரு வாற்கோதுமை மணியின் எடையிலிருந்து வந்த அளவு அது, ஏறத்தாழ 0.065 கிராம். நம்மிடமும் நெல்லெடை இருந்தது. நான்கு நெல் ஒரு குன்றிமணி, இரண்டு குன்றிமணி ஒரு மஞ்சாடி என்று பழைய வாய்பாடு. வில்லின் ஒவ்வொரு பவுண்டுக்கும் குறைந்தது ஐந்து கிரெயின் அம்பில் இருக்க வேண்டும் என்பது வில் செய்வோர் விதிக்கும் எல்லை. அதற்குக் கீழே போனால், அம்பே இல்லாமல் நாணை விட்டதுபோல் வில்லின் கைகளே விரிசல் காணும். நாற்பது பவுண்டு வில்லுக்கு இருநூறு கிரெயினுக்குக் கீழே போகக் கூடாது.

இவ்வளவு நுட்பமாக எடை பார்க்க எங்கே போவது? அவளே வழி கண்டுபிடித்தாள். கடைத்தெரு பத்தர் ஒருவரிடம் நகைத் தராசு இருந்தது. அவர் மாமன் அம்பை வாங்கித் தட்டில் வைத்தார். 33 கிராம். "நாலு பவுனுக்கு ஒரு கிராம் தூக்கல்" என்று பழக்கத்தில் சொல்லிவிட்டு, "தாலிக்கொடி கனம்மா இது, இவ்வளவு தூரம் எப்படிப் போகும்?" என்று கேட்டார். 33 கிராம் என்றால் ஐந்நூறு கிரெயினுக்குச் சற்று மேல். அவள் வில்லுக்குத் தேவையான கீழ்வரம்பைப்போல் இரண்டரை மடங்கு. ஐம்பது மீட்டரில் ஏன் மண்ணில் குத்தியது என்பது பத்தரின் தட்டில் தெரிந்துவிட்டது.

*

மாமனிடம் இதை எப்படிச் சொல்வது என்று வீட்டில் யோசித்தார்கள். கொடுத்ததைக் குறை சொன்னதாகிவிடும். "நீங்க ஒரு வார்த்தை பேசுங்க சார்" என்று தகப்பனார் கேட்டுக்கொண்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை பேசினேன். அவர் வருந்தவில்லை. தன் மருமகளின் வில் பாரத்தைக் கேட்காமல் அனுப்பியதற்காகத் தன்னையே கடிந்துகொண்டார். அப்புறம், ஏன் அவ்வளவு கனமான அம்பு என்று நான் கேட்க, ஒரு மணி நேரம் பேசினார்.

பந்தயத்து அம்பு காகிதத்தைத் துளைத்தால் போதும். அதற்கு வேண்டியது ஒழுங்கு: ஒவ்வொரு அம்பும் மற்றொன்றைப் போல இருப்பது. வேட்டை அம்பு உயிருக்குள் போக வேண்டும். துப்பாக்கி ரவையைப் போல அது அதிர்ச்சியால் கொல்வதில்லை. கூரிய அலகால் அறுத்து, குருதி வடியச் செய்துதான் கொல்கிறது. ஆகவே நுரையீரலை ஊடுருவி மறுபுறம் வெளியேறும் அம்பே இரக்கமுள்ள அம்பு. அதற்குக் கனம் வேண்டும். இலேசான அம்பு விரைந்து பறக்கும். எலும்பில் பட்டதும் நின்றுவிடும். கனத்த அம்பு மெல்லப் போகும். ஆனால் போய்க்கொண்டே இருக்கும். எடையில் ஒரு பங்கை முனைப்பக்கம் கூட்டினால் நேராக ஊன்றிப் போகும். அலகு சவரக்கத்தி போல் இருக்க வேண்டும். இவ்வளவும் இருந்தாலும் முப்பது கெசத்துக்குள் விலா தெரிய நிற்கும் மானுக்கு மட்டுமே எய்வார், மற்றவற்றை விட்டுவிடுவார். அவர் சொல்லச் சொல்ல எனக்குப் புறநானூற்று 152ஆம் பாட்டு நினைவுக்கு வந்தது. ஓரி விட்ட ஒற்றை அம்பு யானை, புலி, மான், பன்றி என்று வரிசையாக ஊடுருவி, புற்றிலிருந்த உடும்பில் போய் நின்றதாக வன்பரணர் பாடுகிறார். மிகைதான். ஆனால் வேட்டுவன் அம்பில் எதைப் பெருமையாக நினைப்பான் என்று அறிந்து செய்த மிகை. அவர் புகழ்வது அம்பு போன தூரத்தை அன்று, ஊடுருவியதை.

பிறகு அவர், தாம் கனத்த அம்புக்கு மாறிய காரணத்தைச் சொன்னார். தொடக்க காலத்தில் வேகத்துக்கு ஆசைப்பட்டு இலேசான அம்புகள் வைத்திருந்தாராம். ஒரு மாலையில் எய்த அம்பு மானின் தோளெலும்பில் பட்டுப் பாதியில் நின்றுவிட்டது. மான் ஓடிவிட்டது. அரைமணி காத்திருந்து குருதித் தடம் பற்றிப் போயிருக்கிறார். இருட்டியது. தடம் ஒரு வேலியோடு முடிந்தது. அடுத்தவர் நிலத்தில் கேட்காமல் நுழையக் கூடாது. அந்த வீட்டுக் கதவைத் தட்டினார். ஒரு மூதாட்டி திறந்தார்.

"என்ன சார் கேக்கறது? காயம்பட்ட மான் ஒண்ணு இந்தப் பக்கம் வந்துச்சாங்கன்னு கேட்டேன். அந்தம்மா என்னைய ஏற இறங்கப் பாத்துச்சு. அப்புறம் டார்ச் எடுத்துக்கிட்டு அதுவும் கூட வந்துச்சு."

இரண்டு இரவு தேடியும் மான் கிடைக்கவில்லை.

இதைக் கேட்டபோது நான் சற்று நேரம் பேசாமலிருந்தேன். அகத்துறை படித்தவர்களுக்கு ஏன் என்று புரியும். காயம்பட்ட விலங்கு இவ்வழி வந்ததா என்று தலைவன் புனத்து மகளிரிடம் கேட்பதற்குக் கெடுதி வினாதல் என்று பெயர். திருக்கோவையாரில் 'மதியுடம்படுத்தல்' பகுதியில் 'வேழம் வினாதல்', 'கலைமான் வினாதல்' என்று இரண்டு துறைகள் அடுத்தடுத்து நிற்கின்றன. பின்வந்த கோவைகளும் அவ்வழியே நடந்தன. வகுப்பில் இதை உத்தி என்று சொல்லிக்கொடுப்பது வழக்கம். பேச்சுக் கொடுக்க ஒரு சாக்கு. யானையும் இல்லை, அம்பும் இல்லை. பிள்ளைகள் சிரிப்பார்கள். "பஸ் எத்தன மணிக்குங்க மாதிரி" என்று ஒருவன் சொல்வான்.

சாக்குதான். ஆனால் ஆயிரம் சாக்குகளில் இந்தச் சாக்கு ஏன்? வேட்டைச் சமூகத்துப் பெண்ணிடம் போய் நிற்கிறவன், தான் புண்படுத்திய விலங்கை வழியில் விட்டுவிட்டுப் போகிறவன் அல்லன் என்று காட்டிக்கொள்கிறான். தன் அம்புக்குப் பின்னாலேயே நடந்து வந்தவன் என்று சொல்கிறான். அவனை நம்பலாமா என்ற கேள்விக்கு அதைவிட நல்ல முன்னுரை கிடையாது. மிச்சிகன் மூதாட்டி விளக்கெடுத்துக்கொண்டு கூட நடந்ததும் அதனால்தான் என்று எண்ணுகிறேன். கபிலரின் இளைஞன் தெரிந்தெடுத்த அம்போடு நிற்பதற்கும் இப்போது எனக்கு வேறொரு பொருள் படுகிறது. யானைக்குத் தகாத அம்பை எய்தால் யானை சாகாது, புண்ணோடு அலையும். உடலில் அம்புகள் புதைந்தும் தளராமல் நிற்கும் களிற்றை வள்ளுவர் ஊக்கத்துக்கு உவமை ஆக்கினார் (குறள் 597). உவமையாகப் படிக்கும்போது அது வீரம். அந்தக் களிற்றின் பக்கத்திலிருந்து பார்த்தால் நாள்பட்ட நோவு.

இந்தியாவில் இந்தப் பேச்சுக்கே இடமில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் ஆயுதம் என்பதை வரையறுக்கும்போது துப்பாக்கி, கண்ணி, வலை, நஞ்சு ஆகியவற்றோடு வில்லையும் அம்பையும் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. உரிமம் பெற்று வேட்டையாடும் வழியையும் 1991இன் திருத்தம் அடைத்துவிட்டது. எங்கள் வடுவூரில் கோதண்டராமர் வில்லேந்தி நிற்கிறார். அதே ஊர் ஏரி 1999 முதல் பறவைகள் சரணாலயம், 2022 முதல் ராம்சார் ஈரநிலம். கார்த்திகை, மார்கழியில் எங்கிருந்தோ வரும் வாத்துகளும் நாரைகளும் அந்த ஏரியில் அச்சமின்றி இறங்குகின்றன. அலகு முனை இங்கே தேவையற்றது. அதைக் கழற்றிவிட்டு அனுப்பிய மாமனுக்கும் அது தெரிந்திருந்தது.

கம்பர் எங்கள் தேரழுந்தூர்க்காரர். மந்தரையின் மனத்தில் பகை வந்த கதையை அவரும் சொல்கிறார். சிறுபிள்ளை இராமன் அவள் கூனின் மேல் எய்தது அம்பைக்கூட அன்று. வில்லில் வைத்து விட்ட மண்ணுருண்டை. யாரையும் கொல்லாது என்று எடுத்த உருண்டை பதினான்கு ஆண்டு வனவாசமாகத் திரும்பியது. எய்வதற்கு எதை எடுக்கிறோம் என்பதோடு எதை நோக்கி எய்கிறோம் என்பதையும் சேர்த்துத்தான் தெரிய வேண்டும் போலிருக்கிறது.

*

இனி அந்தப் பெண்ணின் அம்புக்கு வருகிறேன். புதிதாக ஒரு டஜன் வாங்குவதென்று முடிவாயிற்று. தண்டு, முனை, இறகு எல்லாம் சேர்த்து, குறுவையில் ஓர் ஏக்கருக்குத் தகப்பனார் செலவழிக்கும் தொகையில் ஏறத்தாழப் பாதி. இரண்டாம் முறை வாங்க வழியில்லை.

அட்டவணைப்படி அவளுடைய இருபத்தாறு அங்குல இழுப்புக்கும் நாற்பது பவுண்டுக்கும் 700க்கு அருகில் உள்ள தண்டு பொருந்தும். ஆனால் அவளுக்கு வயது பத்தொன்பது. ஓராண்டுப் பயிற்சியில் வில்லை நாற்பத்தைந்துக்கோ அதற்கு மேலோ முறுக்குவாள். அப்போது 700 மெதுவாகிவிடும். 600 வாங்கினால் அடுத்த ஆண்டுக்குச் சரி, இந்த ஆண்டு விறைப்பு. இன்றைய பலத்துக்கு வாங்குவதா, வரப்போகும் பலத்துக்கு வாங்குவதா என்று அவள் கேட்டபோது தகப்பனார் சிரித்தார். "பிள்ளைக்குச் சட்டை தைக்கிற கதைதான். மடிச்சுத் தைக்க முடியுமான்னு பாருங்க" என்றார்.

மடித்துத் தைக்க முடிந்தது. வழி சொன்னவர் மாமன். தண்டு நீளமாக இருந்தால் அதிகம் வளையும்; முனை கனத்தாலும் அதிகம் வளையும். ஆகவே 600 தண்டையே வாங்கி, முழுதும் வெட்டாமல் இருபத்தெட்டரை அங்குலம் விட்டு, 120 கிரெயின் முனை வைத்தால் இப்போதைக்கு மெதுவான தண்டுபோல் நடந்துகொள்ளும். பலம் கூடும்போது தண்டைச் சிறிது சிறிதாகக் குறைத்து, முனையையும் இலேசாக்கிக்கொள்ளலாம். வெட்டியதை ஒட்ட முடியாது. வெட்டாததை எப்போது வேண்டுமானாலும் வெட்டலாம். முனைக்கான செலவை மாமனே ஏற்றார்.

பத்தர் தராசில் அந்த அம்பு 22.7 கிராம், மூன்று பவுனுக்குச் சற்றுக் குறைவு. எங்கள் பக்கத்து சி.ஆர். 1009 போன்ற மோட்டா ரகங்களில் ஆயிரம் நெல்மணியின் எடை ஏறத்தாழ இருபத்து மூன்று கிராம். "ஆயிர மணி எடை" என்று தகப்பனார் தட்டைப் பார்த்துச் சொன்னார். விதைநெல் பார்த்து வாங்குகிறவருக்கு அந்தக் கணக்கு உடனே வந்துவிட்டது.

பன்னிரண்டுக்கும் எண் எழுதினாள். ஒரே ரகம், ஒரே நீளம், ஒரே எடை. ஆனாலும் நாள்தோறும் ஒவ்வொன்றும் எங்கே குத்துகிறது என்று ஒரு நோட்டில் குறித்துவந்தாள். ஒரு வாரத்தில் 4ஆம் எண்ணும் 9ஆம் எண்ணும் எப்போதும் வலப்புறம் விலகுவது தெரிந்தது. நாண் பிளவைச் சிறிது திருப்பி வைத்ததில் 9 கூட்டத்தோடு சேர்ந்துகொண்டது, 4 சேரவில்லை. அதைப் பயிற்சிக்கென்று தள்ளிவைத்தாள். ஒவ்வொரு முறையும் எய்யும் முன் தண்டைக் காதருகே வளைத்து, இழை விட்டுப்போன ஓசை கேட்கிறதா என்று பார்க்கிறாள். விரிசல் கண்ட கரிமத் தண்டு கையிலேயே சிதறும். ஒருமுறை அம்பொன்று வைக்கோல் கட்டுக்குள்ளேயே உடைந்துவிட்டது. ஊசி போன்ற இழைத் துணுக்குகள் வைக்கோலில் கலந்திருக்கும் என்று, தகப்பனார் அந்தக் கட்டையே மாட்டுக்குப் போடாமல் எரித்தார். அதிலிருந்து இலக்குக் கட்டுக்கென்று தனி வைக்கோல். தொழுவத்துப் பக்கம் அது போவதில்லை.

ஆவணி மாதம் நடந்த ஒரு திறந்த போட்டியில் எழுபத்திரண்டு அம்புகள் எய்தாள். பதக்கம் இல்லை, நடுவில் எங்கோ ஓரிடம். எழுபத்திரண்டில் ஒன்றும் மண்ணில் குத்தவில்லை என்று தொலைபேசியில் சொன்னாள். மாமனுக்கும் அதையே சொல்லியிருக்கிறாள்.

மாமன் அம்புகளில் ஒன்று இப்போது என்னிடம் இருக்கிறது. முதலாண்டு மாணவர்களுக்கு அகநானூறு நடத்தும்போது அதையும் அவளுடைய 4ஆம் எண் அம்பையும் வகுப்பில் சுற்றுக்கு விடுகிறேன். இரண்டு கைகளிலும் வைத்து எடை பார்க்கிறார்கள், வளைத்துப் பார்க்கிறார்கள். கபிலரின் ஆள் இவற்றில் எதை எடுத்திருப்பான் என்று கேட்டால் பெரும்பாலோர் கனத்ததைக் காட்டுகிறார்கள். இந்த முறை கடைசி வரிசையிலிருந்து ஒருவன், "அவன் வில்லு எத்தன பவுண்டுங்கய்யா?" என்று கேட்டான்.